படியில் எண்ணெய் பூசியது யார்?

அந்த மனிதர் எங்கள் வீட்டில் முதலில் சந்தேகப்பட்டது நாயை. வேலையைத் தொடங்கிய மறுநாள் காலையிலேயே அதன் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயும் ஏதோ பிழை செய்துவிட்டதைப் போல வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி, இது படகுக்குள்ள ஏறுறதா?"

"அது தண்ணியக் கண்டாலே ஓடிரும் பாஸ்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

தச்சுவேலை, மேசன்வேலை, பொலிஷ்வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அதற்கு மேல் ஒரு பெயர் எங்களுக்கு அவர் விஷயத்தில் தேவைப்படவில்லை. ஏறாவூர்க்காரர், முஸ்லிம். நெடுநெடுவென்று உயரம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு பார்ப்பார். வளைகுடாவில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்கு வார்னிஷ் பூசியவர் என்று கேள்விப்பட்டுத்தான் என் கணவர் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தன்னாமுனையில் உப்புநீர்க் களப்போரமாக எங்களுக்கு ஒரு சிறிய விடுதி இருந்தது. வருகிறவர்களைத் தண்ணீரில் ஏற்றிக் காட்டுவதற்கென்று என் கணவர் ஒரு பாய்ப்படகும் வாங்கியிருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் திருகோணமலையில் விட்டுவிட்டுப் போனது. உடம்பெல்லாம் ஃபைபர். மேல்தளத்திலிருந்து உள்ளறைக்கு இறங்குகிற படிகள் மட்டும் அசல் தேக்கு. அவை வந்து சேர்ந்தபோது நரைத்து, பழைய வார்னிஷ் வெயிலில் உரிந்த தோலைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் கிழிந்திருந்ததைப் பற்றிக்கூட என் கணவர் அவ்வளவு கவலைப்படவில்லை. அந்தப் படிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மனிதர் உருகினார்.

பாஸ் படிகளை ஒவ்வொன்றாகத் திருகாணி கழற்றித் துறைக்குக் கொண்டுவந்து, எங்கள் பழைய சாப்பாட்டு மேசையில் பரப்பினார். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். மரத்தின் ஓட்டத்தோடு சாண்ட் பேப்பர் போட்டார். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம் வரும். அவருக்கு அதுதான் சந்தேகம். இன்னொரு துணியை எடுத்து மறுபடியும் துடைப்பார்.

வார்னிஷ் டின்னைக் கடையிலேயே திறந்து, மூக்கை வைத்து மணந்து பார்த்துத்தான் வாங்குவார். மூடியில் ஒட்டியிருக்கிற முத்திரையை அவர் நம்பியதே இல்லை. முதல் பூச்சைத் தின்னர் கலந்து மிகவும் ஐதாக்கி, மரம் குடிக்கக் குடிக்கக் கொடுப்பார். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு. அது காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து நான் ஒருநாள் சொன்னபோது, "விரல நம்பாதீங்க தங்கச்சி, அது ஆசையில சொல்லும்," என்றார். புறங்கையை வைத்துப் பார்ப்பார். அப்புறம் குனிந்து மூக்கை வைப்பார். அதற்குப் பிறகும் நாளைக்குப் பார்ப்போம் என்பார்.

யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கும் அதே பூச்சுகள்தான். எதற்கு இவ்வளவு மினக்கேடு என்று என் கணவர் கேட்டதற்கு, "தம்பி, ஈரம் மேலால வாறல்ல. களவா அடியாலதான் வரும்," என்றார். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் அவருடைய பகை காற்றோடு. புழுதியை அது வேண்டுமென்றே தன் படிகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதைப் போல, மேற்குப் பக்கம் ஈரச்சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

படிகளைத் திரும்பப் பூட்டிய பிறகு இன்னொரு கூத்து. மாலையில் வீட்டுக்குப் போகுமுன் படகின் உள்வாசலுக்குக் குறுக்காக ஒரு தையல் நூலைக் கட்டிவிட்டுப் போவார். எங்களிடம் சொல்வதில்லை. மறுநாள் வந்ததும் என் கணவரைப் பார்த்து, "தம்பி, நேத்து உள்ளுக்க போனீங்க," என்பார். நங்கூரக் கயிறு எடுக்கப் போனேன் என்று என் கணவர் குழைவார். சொந்தப் படகுக்குள் போனதற்கு ஒரு மனிதர் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

என்னோடு அவருக்கு இருந்த சிக்கல் வேறு. படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று தேங்காய் உடைத்து, மேல் படிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீட்டு நிலைப்படிக்கு வைத்த கையோடு துறைக்குப் போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஃபைபர் படகில் பொட்டு வைக்க மரமென்று வேறு என்ன இருக்கிறது? பராமரிப்புக்கு வரும்போது பாஸ் அதில் கையே வைக்க மாட்டார். மேசையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"இத நீங்களே எடுத்துத் தாங்க தங்கச்சி. நான் துடச்சா, ஏன் துடச்ச எண்டு நாளைக்கு ஒரு கதை வரும்."

"ஆரு பாஸ் கேக்கப் போறாங்க?"

"கேக்கிறவங்க வந்து சொல்லிப்போட்டா கேப்பாங்க?"

நான் துடைத்துக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடுவேன்.

அவர் எங்களையெல்லாம் சந்தேகப்பட்டார் என்று எழுதுகிறேனே, நான் மட்டும் என்ன? எனக்கும் அவர் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. படிகள் முழுவதற்கும் ஒரே வார்னிஷ், ஒரே கை. ஆனால் சில மாதங்களில் இரண்டாவது படியின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்து வெளுத்துவிடும். மேல் படியோ நேற்றுப் பூசியதைப் போல மினுங்கும். அவரை மறுபடியும் கூப்பிட வேண்டும். மறுபடியும் அதே படி. ஒன்றை மட்டும் ஒப்புக்குப் பூசிவிட்டுப் போகிறாரோ என்று நினைத்தேன். என் கணவரிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்தச் சொன்னார். நான் பொத்துகிற ஆளா?

"என்ன பாஸ், இந்த ஒரு படிக்கு மட்டும் உங்களுக்குக் கோவமா?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதத்தான் நானும் கேக்க இரிந்த. என்னத்தையோ இழுத்துக்கிட்டு இறங்குறீங்க. மீன் பெட்டியா? ஐஸ் பெட்டியா?"

இப்படி ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு எங்கள் உறவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் வருகிற நாட்களில் எனக்கு வீடு கலகலப்பாக இருக்கும். சண்டை பிடிக்க ஒரு சரியான ஆள் கிடைப்பது லேசில்லை.

ஒரு பராமரிப்பு வேலையின் நடுவில் அவருடைய தங்கை வந்தார். ஓட்டமாவடியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தார். காக்கா என்று அவர் கூப்பிடுகிற அண்ணன் துறையிலிருந்து ஏறி வரவில்லை. வேலை இருக்கிறது என்று அங்கிருந்தே கையைக் காட்டிவிட்டார். அந்த மனுசி என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே அழுதார்.

"மகளுக்குக் கலியாணம் புள்ள. என்ட ஊட்டுக்காரர் வாதம் வந்து கிடக்கார். நடையும் இல்ல, பேச்சும் இல்ல. எனக்கு ஆம்புளப் பிள்ளையும் இல்ல. வாசலில நிண்டு வாங்க எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். காக்கா வராட்டி மாப்பிள்ள ஊட்டாக்கள் என்ன நினப்பாங்க? கூடப்பிறந்தவரே வராத ஊடு எண்டு சொல்ல மாட்டாங்களா?"

"அவர் ஏன் ராத்தா வர மாட்டார்?"

"அத அவருக்கிட்டயே கேளுங்க. எனக்குச் சொல்ல வாய் கூசுது."

நானும் விடவில்லை. தங்கை போன பிறகு துறைக்குப் போய்க் கேட்டேன். சாண்ட் பேப்பர் போட்டுக்கொண்டே சொன்னார். நடுவில் ஒரு தடவையும் கையை நிறுத்தவில்லை.

வளைகுடாவில் அவரும் தங்கையின் புருஷனும் ஒரே கப்பலில் வேலை. இவர் வார்னிஷ், மச்சான் உள்ளறையில் மேசை, கதிரை, தளபாடமெல்லாம் துடைப்பது. அந்தக் கப்பலின் படிகளை இவர்தான் கண்ணாடி போல வைத்திருந்தார். மேல் படியில் கப்பலின் பெயரைப் பித்தளையில் அரபு எழுத்தாகப் பதித்திருந்தார்கள். அதைத் துலக்குவதும் இவர் வேலை. ஒருநாள் கப்பல்காரருக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது, கோப்பித் தட்டோடு இறங்கிய வேலைக்காரப் பிள்ளை படியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாள். காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. கொதிக்கக் கொதிக்க இருந்த கோப்பி அவள் கையிலும் விருந்தாளி ஒருவரின் மடியிலும் கொட்டிவிட்டது. படியை வழுக்குகிற மாதிரி வைத்திருந்தவன் யாரென்று கேட்டு இவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் பார்த்த வேலை மச்சானுக்குப் போனது.

"என்ட படி வழுக்காது தங்கச்சி. அண்டக்கிக் காலையில மச்சான்ட கையில எண்ணெய்த் துணி இரிந்தத என்ட கண்ணால கண்டன். மேசை துடைக்கிற எண்ணெய். அதாலதான் படியத் துடச்சிரிக்கான். என்ட இடத்துக்கு வாறத்துக்கு."

"துடைச்சத கண்டீங்களா?"

"துணியக் கண்டன்."

"இப்ப அந்த மனிசன் பேச்சில்லாமக் கிடக்காரே பாஸ். பாவமில்லையா?"

அவர் படியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊதினார். "பேச்சில்ல எண்டு ஆரு பாத்த? கலியாணத்துக்கு என்னக் கூப்பிடுறதுக்கு அப்படிச் சொல்லுவாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படியை வாங்கிக் களப்பில் எறிந்திருப்பேன். வாதம் வந்து கிடக்கிற மனிதனை நடிக்கிறான் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? அன்று அவருக்குப் பகல் தேத்தண்ணி நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவரைப் பார்க்க எனக்கு மெல்ல ஒரு பயமும் வந்தது. சந்தேகம் இவருக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அது ஒரு குடும்பத்தையே தின்றுகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

படிகளைப் பூட்டிய கையோடு எங்கள் வீட்டிலும் விழுந்தது இடி. என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, பிள்ளைகளோடு படகில் போக வந்திருந்தார். கால் கழுவிவிட்டு ஈரக்காலோடு உள்ளறைக்கு இறங்கியவர் இரண்டாவது படியின் விளிம்பில் வழுக்கி, கீழே போய் உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை என் கணவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. விருந்தினர் யாராவது இப்படி விழுந்திருந்தால் படகு ஓட்டமே நின்றுபோயிருக்கும்.

"அந்த மனிசன் படிக்கு வார்னிஷ் பூசினாரா, விளக்கெண்ணெய் பூசினாரா?" என்று மதினி கட்டிலில் கிடந்தபடி கத்தினார்.

மறுநாள் பாஸிடம் சொன்னோம். மதினி எப்படி இருக்கிறார் என்றுகூட அவர் முதலில் கேட்கவில்லை. நேரே படகுக்குப் போய், இரண்டாவது படியைப் புறங்கையால் தடவினார். மூக்கை வைத்தார். பிறகு மேலே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஆரோ எண்ணெய் பூசியிரிக்காங்க."

"பாஸ்!" என்று என் கணவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எங்கட அக்கா விழுறத்துக்கு நாங்க எண்ணெய் பூசுவமா?"

"நீங்க பூசின எண்டு நான் சொல்லல்ல. தங்கச்சி குசினியில வேலை செய்ற கை. தெரியாமப் பட்டிருக்கும்."

நான் என் இரண்டு கைகளையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மணந்து பாருங்க! நீங்க செஞ்ச வேலையில பிழை எண்டு சொல்றத்துக்கு உங்களுக்கு வாய் வராது. கண்டவன் நிண்டவனெல்லாம் கள்ளன். ஒரு நாளைக்கு உங்கட நிழலையும் சந்தேகப்படுவீங்க!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "நாளைக்கு ஆக்கள் வாறாங்களா?" என்று கேட்டார். தேற்றாத்தீவிலிருந்து ஒரு குடும்பம் படகோட்டத்துக்குச் சொல்லியிருந்தது. "வரட்டும். ஆள நான் பிடிச்சித் தாறன்."

சொன்னபடியே காலையில் வந்தார். மடியிலிருந்து முகத்துக்குப் பூசுகிற பவுடர் டின் ஒன்றை எடுத்தார். என் பொட்டை மட்டும் விட்டுவிட்டு, படிகள் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு அதைத் தூவி, புறங்கையால் நிரவினார். எண்ணெய்க் கள்ளன் இறங்கினால் கால் அடையாளம் அகப்படும் என்பது அவருடைய கணக்கு. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று நான் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கிவிட்டேன். பெரியவர்களும் சின்னவர்களுமாக ஒரு பெரிய குடும்பம். பாஸ் துறையில் சாக்கை விரித்துக் குந்திக்கொண்டு, பாய் விரிந்து போவதையும் வருவதையும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் கரையேறிப் போனதும் படகுக்குள் தலையை நீட்டினார். பிறகு வெற்றி பெற்றவரைப் போல என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாருங்க. மேல் படியில ஒரு அடையாளமும் இல்ல. போட்ட பவுடர் அப்படியே கிடக்கு. எல்லாம் ரெண்டாம் படியிலதான். பாத்தீங்களா தந்திரத்த? மேல் படியத் தொடாமலே இறங்கியிரிக்கான்."

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மேல் படியில் வெள்ளை கலையாமல், நடுவில் என் குங்குமப் பொட்டு மட்டும் சிவப்பாக இருந்தது. இரண்டாவது படியின் முன்விளிம்பு முழுக்கக் கால்விரல்களும் குதிகால்களும்.

"அத்தின பேருமா பாஸ் கள்ளன்?" என்று கேட்டேன்.

அந்தச் சின்னப் பெண்பிள்ளைகள்கூட அல்லவா தாண்டியிருக்கிறார்கள். "நீங்க ஒருக்கா இறங்குங்க," என்றார்.

இறங்கினேன்.

"மறுகா ஏறி வாங்க."

ஏறி வந்தேன்.

"நீங்களும் மிதிக்கல்ல," என்றார். அவர் குரலில் சந்தேகம் இருக்கவில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "ஏன் மிதிக்கல்ல?"

நான் மிதிக்கவில்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். திரும்பிப் பார்த்தேன். பொட்டு வைத்த படி. வாசலில் இருக்கிற படி. பிறந்ததிலிருந்து நிலைப்படியை மிதிக்காதே, தாண்டி வா என்று கேட்டு வளர்ந்த கால்கள். அவை என்னிடம் கேட்காமலே தாண்டிப் போயிருக்கின்றன. எப்போதாவது வருகிற வெள்ளைக்காரர்கள் மிதித்து இறங்குவார்கள். எங்கள் சனம் மட்டும் பொட்டைக் கண்டதும் காலை எட்டி வைத்து, பாரம் முழுவதையும் இரண்டாவது படியின் நுனியில் இறக்கியிருக்கிறது. மதினியும் அப்படித்தான். ஈரக்கால், எட்டி வைத்த கால், நுனி.

"நிலைப்படிய மிதிக்கக் கூடாது பாஸ். பொட்டு வச்சிரிக்கே. எப்படி மிதிக்கிற?" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு சண்டை, எவ்வளவு வேவு! ஒரு பொட்டு செய்த வேலை.

அவரும் சிரித்தார். அவர் பல்லைப் பார்த்ததே அன்றுதான். "அப்ப பொட்ட மேல சட்டத்தில வைங்க தங்கச்சி. காலுக்கு எட்டாத இடத்தில. படியில நான் மணல் தூவி ஒரு பூச்சுப் பூசித் தாறன். ஆத்து மணல். கடல் மணல் வேணாம், அதுல உப்பு ஒளிச்சிருக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். படியைப் பார்த்தபடியே நின்றார். முகம் மெல்ல மெல்ல மாறியது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்கப் போனேன்.

"அந்தப் பிள்ளையும் மிதிச்சிரிக்க மாட்டா," என்றார்.

"எந்தப் பிள்ள?"

"கோப்பித் தட்டோட விழுந்தவ. மேல் படியில அரபெழுத்து. அரபிக்கு அது கப்பல்ட பேரு மட்டும். எங்கட ஆக்களுக்கு அப்படி இல்லையே. அரபெழுத்து இரிக்கிற கடதாசித் துண்டு நிலத்தில கிடந்தாலும் எடுத்து உசத்தில வைக்கிற சனம். அவ எப்படி மிதிப்பா? தாண்டித்தான் கால வச்சிரிப்பா." தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு, "நானும் அத மிதிச்சதில்ல. அந்தக் கப்பலில இரிந்த காலம் முழுக்க, ஒரு நாளும் மிதிச்சதில்ல," என்றார்.

துறைப் பலகையில் அப்படியே குந்திவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை. என்னுடைய போனைக் கேட்டார். தங்கையின் நம்பரைச் சொல்லி, அழுத்தித் தரச் சொன்னார். காதில் வைக்காமல் உள்ளங்கையில் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசினதால் மறுபக்கம் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது.

"மச்சானிட்ட ஒண்டு கேளு. அண்டக்கி அந்தத் துணியால படியத் துடச்சயா எண்டு மட்டும் கேளு."

லைன் அறுந்துவிட்டதாக நினைத்தேன்.

"ஆரிட்டக் கேக்கச் சொல்றீங்க காக்கா?" என்று தங்கையின் குரல் வந்தது. அழவில்லை, கத்தவும் இல்லை. "அவருக்குப் பேச்சு இரிக்கக்குள்ள ஒரு நாள் கேட்டீங்களா? ஊட்டுக்கு வாறத்த நிப்பாட்டினீங்க. பெருநாளைக்கும் வரல்ல. ஏன் காக்கா வாறல்ல எண்டு அவர் எத்தின தரம் எனக்கிட்டக் கேட்டிருப்பார். இப்பதான் உங்களுக்குக் கேக்க வாய் வந்திச்சா?"

அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி நிறுத்திவிட்டேன்.

எந்தப் பொருளையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார் என்று நான் நினைத்திருந்த மனிதர் அவர். கேட்க வேண்டிய ஒரே ஒருவரிடம் ஒரு சொல் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் மணல் அரித்து, காயவைத்து, ஈர வார்னிஷ் மேல் தூவி, காய்ந்ததும் மேலே ஒரு பூச்சும் கொடுத்து வேலையை முடித்தார். கலியாணத்துக்குப் போவாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகும்போது மதினிக்கென்று ஒரு தைலக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை எங்களுக்கும் சொல்லியிருந்ததால் நாங்கள் ஓட்டமாவடிக்குப் போனோம். வாசலில் வெள்ளைச் சட்டையும் புதுச் சாரனும் தொப்பியுமாக அவர் நின்றார். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு, கைகொடுத்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், ஒவ்வொருவரையும் கண்ணை இடுக்கித்தான் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், இவர் யாரென்று பக்கத்தில் கேட்பது என் காதில் விழுந்தது. பொம்பிளையின் மாமா என்று சொன்னார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

நான் பெண்கள் பக்கம் போய்விட்டேன். உள்ளே மணப்பெண்ணின் தாய் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஆண்கள் பக்கம் நடந்ததை என் கணவர்தான் பிறகு சொன்னார். அங்கே ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பலபேர் சாப்பிடுவார்கள், சஹன் என்பார்கள். மச்சானைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து ஒரு சஹனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவருடைய வலது கை வேலை செய்யாது. யார் ஊட்டுவதென்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலை விட்டு உள்ளே வந்த பாஸ் சாரனை மடித்துக்கட்டிக்கொண்டு கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். இறைச்சியை நாராகப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து, ஒவ்வொரு வாயாகக் கொடுத்திருக்கிறார். கடைவாயில் வழிந்ததைத் சட்டைப் பையிலிருந்து எடுத்த கைலேஞ்சியால் துடைத்திருக்கிறார்.

புறப்படும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு போக நின்றோம். சாப்பிட்டவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர் வாசலுக்கு வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"கேட்டீங்களா பாஸ்?"

"கேட்டன்," என்றார். "காதுக்குள்ள கேட்டன். படியத் துடச்சயா மச்சான் எண்டு."

"என்ன சொன்னார்?"

"தலைய ஆட்டினான். ஓம் எண்டு ஆட்டினானா, இல்ல எண்டு ஆட்டினானா எண்டு வெளங்கல்ல. மறுகாவும் கேட்டன். அதே ஆட்டுத்தான். கண்ணால தண்ணி வந்திச்சி. அது எதுக்கு வந்திச்சி எண்டும் வெளங்கல்ல."

என் கணவர் வேறு பக்கம் பார்த்தார்.

"அப்ப?" என்றேன்.

அவர் என் முகத்தை நேரே பார்த்தார். கண் இடுங்கவில்லை.

"இல்ல எண்டுதான் ஆட்டினான் தங்கச்சி," என்றார். "இல்ல எண்டுதான்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையில் ஒட்டியிருந்த சோற்றைக் கழுவாமலே அவர் மச்சானின் கதிரைப் பக்கம் திரும்பிப் போனார்.